சிலம்பு முதல் காண்டத்திலேயே வேண்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தங்கைகளே, வேலை முடிந்த கையோடு எல்ஆர்டி பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, படிவம் நான்கு, ஐந்து மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இளையோர் தொடர்நாவலின் முடிவு ஏமாற்றுவதற்குக் காரணம் வாசகரின் எதிர்பார்ப்பா, எழுத்தாளரின் கட்டுமானமா என்பது தலைப்பு. கட்டுமானம்தான் என்று வாதாட வந்திருக்கிறோம். இரண்டு அணியும் பேச ஒப்புக்கொண்ட நூல், வெரோனிகா ராத் எழுதிய டைவர்ஜென்ட் தொடர். முதல் புத்தகம் 2011, இரண்டாவது இன்சர்ஜென்ட் 2012, மூன்றாவது அலீஜியன்ட் 2013 அக்டோபர்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரே வாதத்தை மூன்று தடவை அழுத்திச் சொன்னார். கதாநாயகி டிரிஸ் கடைசியில் சுடப்பட்டுச் சாகிறாள். காதலர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்று காத்திருந்த பிள்ளைகளால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த வருத்தத்தை நூலின் மேல் ஏற்றிவிட்டார்கள் என்றார். அண்ணே, சிலப்பதிகாரம் படித்த கூட்டத்திடம் இதைச் சொல்லலாமா? அதுவும் மூன்று பாகம்தான். மூன்று காண்டம், முப்பது காதை. காதல் கணவன் இரண்டாம் காண்டத்திலேயே வெட்டுப்படுகிறான். முடிவு ஏமாற்றிவிட்டது என்று யாராவது புத்தகத்தை மூடி வைத்தோமா?

ஏன் வைக்கவில்லை? புகார்க் காண்டத்தில் ஒன்பதாவது காதையை எடுத்துப் பாருங்கள். கோவலன் பொருளையெல்லாம் இழந்து வெட்கத்தோடு வீடு திரும்புகிறான். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் கண்ணகி. அதே காதையில் தான் கண்ட கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். ஏதோ ஒரு பெரிய நகரத்தில் பழி வந்து சேர்வதாகக் கனவு. பொய் சொல்லும் பொற்கொல்லன் மதுரையில்தான் வருகிறான், புது ஆள்தான். அந்தச் சிலம்பு மட்டும் புதிது இல்லை. கொல்லும் பொருளை முதல் காண்டத்திலேயே நம் கையில் கொடுத்துவிட்டார் இளங்கோ. நாம் அழுகிறோம், ஆனால் ஏமாறவில்லை. இந்த இரண்டையும் எதிரணி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது.

இப்போது டைவர்ஜென்ட் கதை நடக்கும் சிகாகோவுக்கு வருவோம். முதல் புத்தகம் ஏன் அப்படிப் பிடித்துப்போனது? நகரம் ஐந்து பிரிவாக இருக்கிறது: தன்னலம் துறந்தவர்கள், துணிந்தவர்கள், அறிவைத் தேடுபவர்கள், உண்மை பேசுபவர்கள், அமைதி நாடுபவர்கள். 16 வயதில் ஒவ்வொருவரும் மேடையேறித் தன் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேடையில் ஐந்து கிண்ணம். ஒன்றில் சாம்பல் நிறக் கற்கள், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண், ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் எரியும் தணல். கையைக் கத்தியால் கீறி, எந்தக் கிண்ணத்தில் இரத்தம் விடுகிறோமோ அதுதான் இனி வீடு. டிரிஸின் இரத்தம் தணலில் விழுந்து பொசுங்குகிறது. அந்தச் சத்தத்தோடு அப்பா அம்மாவின் வீடு முடிந்துபோகிறது. படிவம் நான்கில் எந்தப் பாடத்தொகுப்பு எடுப்பது என்று வீட்டில் சண்டை நடக்கும் வயதுக்கு, இதைவிட நெஞ்சில் தைக்கிற காட்சி வேறு உண்டா? நீ யார் என்பதை நீதான் தேர்ந்தெடுக்கிறாய். இதுதான் முதல் புத்தகம் வாசகர் கையில் அடித்துக் கொடுத்த சத்தியம்.

மூன்றாம் புத்தகம் அந்தச் சத்தியத்தை என்ன செய்தது? டிரிஸும் நண்பர்களும் நகர எல்லையைத் தாண்டி ஓஹேர் விமான நிலையத்துக்கு வருகிறார்கள். அங்கே ஒரு மரபணு ஆய்வு நிறுவனம். சிகாகோ நகரமே ஒரு பரிசோதனை, பழுதான மரபணுவைச் சரிசெய்ய நடத்திய சோதனை என்று சொல்கிறார்கள். எந்தப் பிரிவிலும் அடங்காத தனித்தன்மை என்று இரண்டு புத்தகம் கொண்டாடியதற்கு, மரபணு சரியாகிவிட்டது என்பதுதான் பொருளாம். காதலன் டோபையாஸுக்கு அது சரியாகவில்லையாம். இந்தப் பாகுபாடு தவறு என்றுதான் கதையும் சொல்ல வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் விளக்க வேண்டியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். புதிய வரலாறு, புதிய ஊர், புதிய தலைவர் டேவிட், சுற்றிலும் புதிய கிளர்ச்சிக்காரர்கள், நினைவை அழிக்கும் மருந்து, உயிரை எடுக்கும் மருந்து. எல்லாம் கடைசிப் புத்தகத்தில். கூரை போட வேண்டிய நேரத்தில் பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டினால் முதல் வீடு மழையில் நனையத்தானே செய்யும்!

டிரிஸின் சாவை இதற்குள் வைத்துப் பாருங்கள். நினைவை அழிக்கும் மருந்து ஆயுதக் கூடத்தில் இருக்கிறது; அதை எடுக்க உள்ளே நுழைபவரை அந்த உயிர்க்கொல்லி மருந்து சாகடிக்கும். போக ஒப்புக்கொண்டவன் அவளைக் காட்டிக்கொடுத்த அண்ணன் கேலப். கடைசி நிமிடத்தில் அவனுக்குப் பதிலாக இவள் போகிறாள். மருந்து அவளைக் கொல்லவில்லை. இதுவரை நியாயம்தான், ஏனென்றால் மற்ற மருந்துகளை அவள் மனம் எதிர்த்து நின்றதை முன்பே பார்த்திருக்கிறோம். பிறகு யார் சுடுகிறார்? டேவிட். இந்த ஒரு புத்தகத்தில் மட்டும் நமக்குப் பழக்கமானவர். அறிவுப் பிரிவின் தலைவி ஜெனின், டோபையாஸின் அப்பா மார்கஸ், அம்மா எவ்லின் என்று இரண்டு புத்தகம் வளர்த்த பகையில் எதுவும் அந்த அறையில் இல்லை. சிலம்பே இல்லாமல் பொற்கொல்லன் மட்டும் வந்து நிற்கிறான், ஐயா.

வருடத்துக்கு ஒன்று என்று பதிப்பகம் நெருக்கினால் எழுத்தாளர் என்ன செய்வார் என்று எதிரணித் தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. சூசன் காலின்ஸின் ஹங்கர் கேம்ஸ் தொடரும் அதே வேகத்தில் வந்ததுதான்: 2008, 2009, 2010. அதன் முடிவையும் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் காதல் முடிச்சு எப்படி அவிழ்கிறது என்று பாருங்கள். முதல் அத்தியாயம் முடியும்போது, பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கான குலுக்கலில் கதாநாயகி காட்னிஸின் தங்கை பிரிம் பெயர் வருகிறது; அவளுக்குப் பதிலாகக் காட்னிஸ் போகிறாள். காட்டில் கண்ணி வைப்பதில் நண்பன் கேல் கெட்டிக்காரன், அதுவும் முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்றாவதில் அதே மூளை போருக்கு வேலை செய்கிறது: முதல் குண்டு வெடிக்கட்டும், காயம்பட்டவர்களைக் காப்பாற்ற ஆட்கள் ஓடி வரட்டும், பிறகு இரண்டாவது வெடிக்கட்டும். அப்படி ஓடி வந்த மருத்துவ உதவியாளர்களில் ஒருத்தி பிரிம். அது உன் குண்டுதானா என்று காட்னிஸ் கேட்கிறாள். தெரியாது என்கிறான் கேல். அந்த ஒரு பதிலோடு அவர்கள் இருவருக்கும் நடுவே எல்லாம் முடிந்துபோகிறது. கண்ணி வைத்த கை, தங்கையின் சாவு, காதலின் முடிவு, மூன்றும் ஒரே நூலில் கோத்தவை. நேரம் குறைவு என்பது இரண்டு பேருக்கும் பொது.

அடுத்து படத்தைப் பற்றி. முடிவு பிடிக்காத ரசிகர்கள் கைவிட்டதால்தான் படவரிசை நின்றுபோனது என்றார்கள். கணக்குப் பார்ப்போம். 2014-இல் வந்த முதல் படம் உலகம் முழுவதும் ஏறக்குறைய 29 கோடி டாலர் வசூலித்தது. 2015-இல் வந்த இரண்டாவது 29.7 கோடி. 2016-இல் வந்த மூன்றாவது சுமார் 18 கோடி. நான்காவதை எடுக்கவே இல்லை. கவனியுங்கள், டிரிஸ் சாகும் புத்தகம் 2013-இலேயே வந்துவிட்டது. முடிவு தெரிந்தவர்கள் தெரிந்துகொண்டேதான் முதல் இரண்டு படத்துக்கும் போனார்கள். மூன்றாவது படத்தில் டிரிஸ் சாகவும் இல்லை, ஏனென்றால் கடைசிப் புத்தகத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கூட்டம் குறைந்தது அந்த விமான நிலையத்தில், அந்த மரபணு விளக்கத்தில். சாவு திரைக்கே வரவில்லை.

காதலுக்கு வருகிறேன், வருத்தத்தோடுதான் வருகிறேன். இரண்டாம் புத்தகத்தில் டிரிஸும் டோபையாஸும் ஒருவருக்கொருவர் மறைத்து, கண்டுபிடித்து, சண்டை போட்டு, சமாதானம் ஆனார்கள். மூன்றாவதில் நீட்டா என்ற பெண்ணோடு அவன் ரகசியமாகக் கிளர்ச்சியில் சேர்கிறான், இவள் சந்தேகப்படுகிறாள், மறுபடியும் சண்டை, மறுபடியும் சமாதானம். அதே முடிச்சு. வளர வேண்டிய உறவு வட்டமடிக்கிறது, வட்டம் முடிந்ததும் அவள் செத்துப்போகிறாள்.

இதைவிடப் பெரிய கோளாறு குரலில். முதல் இரண்டு புத்தகமும் டிரிஸ் ஒருத்தி சொல்லும் கதை. நான் நடக்கிறேன், நான் பார்க்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொல்கிறாள். மூன்றாவதில் திடீரென்று டோபையாஸும் சொல்லத் தொடங்குகிறான். ஏன்? நான் என்று நிகழ்காலத்தில் பேசுபவள் செத்தால் மீதியைச் சொல்ல ஆள் வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும் பேருந்தில் ஈப்போவில் இன்னொரு ஓட்டுநர் ஏறினால், முதல் ஓட்டுநர் இறங்கப்போகிறார் என்று பயணிக்குத் தெரியாதா? முதல் சில பக்கத்திலேயே முடிவு கசிந்துவிட்டது. சரி, வந்தவன் குரலாவது வேறாக இருந்ததா? வெளியிலிருந்து பார்க்கும்போது அவன் அளந்து பேசுபவன், எதையும் எளிதில் காட்டாதவன். அவனே பேசினால் அதே குட்டை வாக்கியம், அதே தயக்கம், அதே மூச்சு. அத்தியாயத்தின் தலையில் இருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு நடுவர் ஐயா ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க அடுத்தவரின் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

செய்திருக்க வழியும் உண்டு. முதல் புத்தகத்திலிருந்தே அவனுக்கு இரண்டு, மூன்று சிறு அத்தியாயம் கொடுத்துக் காதைப் பழக்கியிருக்கலாம். அல்லது சாகும்வரை டிரிஸையே பேசவிட்டு, அவள் குரல் அறுந்த இடத்தில் முதல்முறையாக அவன் வாயைத் திறந்திருக்கலாம். அந்த அமைதி போதும், வாசகர் நெஞ்சு நின்றிருக்கும்.

கடைசியாகப் பேசிய எதிரணித் தங்கை, சாம்பல் தூவும் காட்சியில் அழுதேன், முடிவு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். தங்கை சொன்னது உண்மை, அந்தக் காட்சி நன்றாகவே இருக்கிறது. டிரிஸ் இறந்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, ஹான்காக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கம்பியில் சறுக்கிக்கொண்டே டோபையாஸ் அவள் சாம்பலைக் காற்றில் விடுகிறான். அது ஏன் நம்மைத் தொடுகிறது? முதல் புத்தகத்தில் அதே கட்டடத்திலிருந்து டிரிஸ் சறுக்கி வந்தாள். அவனுக்கு இருக்கும் நான்கே நான்கு பயத்தில் ஒன்று உயரம் என்பதும் முதல் புத்தகத்திலேயே நமக்குத் தெரியும். அந்தக் கம்பி 2011-இலேயே கட்டப்பட்டது, தங்கை.

மணி அடித்துவிட்டது, ஐயா. வணக்கம்.