நம் படிக்கு வெல்லம் குறை

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால், அட்டை கிழிந்த சமையல் புத்தகம் ஒன்று கிடக்கக்கூடும். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பேச்சின் நடுவே மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டுகளாக இத்தகைய புத்தகங்களைச் சேர்த்து வருகிறேன். ஓர் ஊரின், ஒரு சமூகத்தின் பெண்கள் தங்கள் வீட்டுப் பக்குவத்தை ஒன்றுதிரட்டி அச்சிட்ட புத்தகங்கள். பம்பாயில் சாரஸ்வத் மகிளா சமாஜம் 1943-இல் மராத்தியில் கொண்டுவந்த 'ரசசந்திரிகா' அப்படிப்பட்டது. 1951-இல் வந்த 'சமைத்துப் பார்' மீனாட்சி அம்மாள் ஒருவரே எழுதியதுதான். ஆனாலும் உறவுப் பெண்கள் ஓயாமல் பக்குவம் கேட்டதால் பிறந்த புத்தகம் அது. மணமாகிப் போன பெண்ணுக்குத் தாய் வீட்டு ருசியைத் தபாலில் அனுப்ப வேண்டிய காலம் வந்தபோதுதான் இவை அச்சேறின.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலும் இதே கதைதான். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண்களுக்கு லிஸ்ஸி கேண்டர் என்ற அம்மையார் ஒரு சேவை இல்லத்தில் சமையல் வகுப்பு நடத்தினார். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே வகுப்பு நேரம் போய்விடுகிறது, அச்சிட்டுக் கொடுத்துவிடலாம் என்று இல்லத்தின் நிர்வாகக் குழுவிடம் 18 டாலர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் சோரவில்லை. கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கி, 1901-இல் ஆயிரம் பிரதிகள் போட்டார். 18 டாலர் கிடைக்காத அந்தப் புத்தகம் விற்ற பணத்தில்தான் பின்னாளில் அந்த இல்லத்துக்குப் புதிய கட்டடமே எழுந்தது!

இனி அளவு. இதைப் பேசாமல் என்னால் இருக்க முடியாது.

ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. இது உங்களில் பலருக்குப் பாட்டி சொல்லித் தெரிந்திருக்கும். எடைக்குப் பலம், வீசை. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 35 கிராம். பழைய புத்தகங்களில் அரிசியைப் படியால் அளப்பார்கள், வெல்லத்தைப் பலத்தால் நிறுப்பார்கள். அங்கேதான் சிக்கல்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் தலைப்புப் பக்கம் இல்லாத ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் இருந்தபடி ஒரு தீபாவளிக்கு அதிரசம் செய்தேன். மாவு பதமாகத்தான் தெரிந்தது. தட்டி எண்ணெயில் போட்டேன். ஓரம் கரைந்தது, நடு விரிந்தது, பிரிந்து எண்ணெய் முழுக்க மிதந்தது. மறுநாளும் அப்படியே.

எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். பாகின் பதத்தை அவர் கேட்கவில்லை. "எந்த ஊர்ப் படி?" என்றுதான் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படி ஊருக்கு ஊர் வேறு. புத்தகம் சொன்னது பட்டணம் படி, அது பெரிது. எங்கள் வீட்டில் இருந்தது சின்னப் படி. பலமோ மாறவில்லை. ஆகவே அரிசி குறைந்துவிட்டது, வெல்லம் அப்படியே நின்றது. வெல்லம் மிஞ்சினால் அதிரசம் எண்ணெயில் நிற்காது.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதே பக்கத்தின் ஓரத்தில், எண்ணெய்க் கறைக்குள் மங்கலாக, பென்சிலில் நான்கு சொற்கள்: "நம் படிக்கு வெல்லம் குறை." அதை எழுதியவர் யாரோ தெரியாது. சின்னப் படி புழங்கிய ஊரில் பிறந்து பட்டணத்துப் புத்தகத்தை வாங்கியவராக இருக்கலாம். தாய் வீட்டுச் சின்னப் படியைச் சீதனத்தோடு கொண்டுவந்தவராகவும் இருக்கலாம். என்னைப்போல அவருக்கும் ஒரு தீபாவளி வீணாகியிருக்க வேண்டும். அச்சிட்ட பக்கம் சொல்லாததை அந்த நான்கு சொற்கள் சொல்லின. அன்று முதல், கறையும் குறிப்பும் இல்லாத சுத்தமான பிரதியைவிட அழுக்குப் பிரதிக்கே அதிக விலை கொடுக்கிறேன். பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள் என்று மறுபடியும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்தப் புத்தகங்களில் எனக்கு ஆறாத குறை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரப் பெண்கள் 1950-இல் வெளியிட்ட தொகுப்பில், ஒவ்வொரு சமையல் குறிப்போடும் அதைக் கொடுத்த சீமாட்டியின் பெயர் இருக்கிறது. அந்த அடுப்படிகளில் நின்று சமைத்த கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் பெயரின்றியே போனார்கள். நம் புத்தகங்களிலும் அம்மியில் அரைத்தவர் யார், உரலில் இடித்தவர் யார் என்று தேடினால் கிடைக்காது. இதைப் பற்றியே தனியாகப் பேச வேண்டும்.

இலங்கையில் 1929-இல் வந்த ஓர் அருமையான தொகுப்பைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பாதுகாப்பு பற்றி மட்டும் இரண்டே வார்த்தை. கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் தாள் பழுத்துவிடும். ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஓரத்துப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்காதீர்கள். பாட்டியிடம் பழைய படி இருந்தால் அதையும் புத்தகத்தின் பக்கத்திலேயே வையுங்கள். வணக்கம்.