மாமரம் முன்னுரை எழுதாது

நடுவர் அவர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். "வேத மொழிபெயர்ப்பாளரை அறிய அவர் நூலே போதுமா, வாழ்க்கையும் வேண்டுமா?" என்பது தலைப்பு. வாழ்க்கையும் வேண்டும் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அப்துல்லா யூசுப் அலியின் ஆங்கிலத் திருக்குர்ஆனைத் தூக்கிக் காட்டி, "மாம்பழம் தின்ன வந்தவன் மரத்தை ஏன் ஆராய்கிறாய்?" என்று கேட்டார். சபை கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, மாமரம் முன்னுரை எழுதாது. யூசுப் அலி எழுதியிருக்கிறார்.

1934-ல் லாகூரில் இருந்து எழுதிய முன்னுரை அது. மனிதனுக்கு உள்ளே அடிக்கும் புயல் வெளியே அடிப்பதைவிடக் கொடியது, சொந்தத் துக்கம் ஒன்றில் புத்தியே பேதலிக்கிற நிலைக்குப் போய், வாழ்வதற்கே அர்த்தமில்லை என்று தோன்றியபோதுதான் நெடுநாள் ஆசையான இந்த வேலையில் முறையாக இறங்கினேன், அதில்தான் புது நம்பிக்கை பிறந்தது என்கிறார். என்ன துக்கம் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார். நூலைத் திறந்ததும் கதவைத் தட்டுவது அவருடைய வாழ்க்கைதான், நீங்கள் கேட்காதது போல இருந்துகொண்டு என்னைக் குறை சொல்கிறீர்கள்!

சரி, அந்த வாழ்க்கை என்ன? 1872-ல் பிறந்தவர், போரா என்ற குஜராத்தி முஸ்லிம் சமூகத்து வணிகக் குடும்பம். நாலு, அஞ்சு வயதிலேயே அரபு எழுத்துக் கூட்டிக் குர்ஆன் ஓதத் தொடங்கிவிட்டார், பொருளையும் அழகையும் ஊட்டியது அவருடைய அத்தா, தகப்பனார். அப்புறம் கேம்பிரிட்ஜ், வெள்ளைக்கார ஆட்சியின் உயர் பதவியான ஐ.சி.எஸ். உத்தியோகம், 1900-ல் இங்கிலாந்தில் ஆங்கிலேயப் பெண்ணோடு கல்யாணம், நாலு பிள்ளைகள், 1912-ல் விவாகரத்து, 1914-ல் உத்தியோகத்தையும் விட்டார். மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கிய ஆலிம், அதாவது மார்க்க அறிஞர் இல்லை. அதனால்தான் அவருடைய விளக்கக் குறிப்புகள், ஆறாயிரத்துக்கும் மேல், அப்படி இருக்கின்றன. ஒரு பக்கம் தஃப்சீர் என்ற குர்ஆன் விரிவுரை எழுதிய இமாம்கள், இன்னொரு பக்கம் ஷேக்ஸ்பியர், நடுவில் வரலாறு, சொர்க்கத்தின் இன்பங்களைப் பற்றி வந்தால் அதை உருவகமாகப் படிக்கிற ஒரு போக்கு. ஆங்கிலத்தையே ஒரு இஸ்லாமிய மொழியாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். இந்த ஆசை இரண்டு உலகத்திலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு நின்றவனுக்குத்தானே வரும்? ஆளைத் தெரியாமல் படித்தால், 'இவர் ஏன் இப்படி அலைகிறார்' என்று எரிச்சல்தான் வரும். எனக்கு முதல் தடவை வந்தது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார், வாழ்க்கையைத் தோண்டினால் மரியாதை போய்விடும் என்று. கொஞ்சம் போகும், ஒத்துக்கொள்கிறேன். முதல் உலகப்போரில் துருக்கி கலீஃபா எதிர்ப்பக்கம் நின்றபோது, இவர் பிரிட்டனுக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தார், 1917-ல் சி.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டமும் வாங்கினார். அதே நேரத்தில் துருக்கிக்காக எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வெள்ளைக்காரர், மர்மடியூக் பிக்தால்! அவரும் பின்னால் ஹைதராபாத் நிஜாமின் ஆதரவில் குர்ஆனை ஆங்கிலத்தில் தந்தார், 1930-ல். இதைப் படித்த அன்று எனக்கு யூசுப் அலி மேல் கோபம்தான். ஆனாலும் கோபப்பட்டுக்கொண்டே அவர் குறிப்புகளைப் படிக்க முடிகிறது, இன்னும் கவனமாகவே படிக்க முடிகிறது.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நூலே போதும் என்கிறீர்களே, எந்த நூல்? 1980-களில் வந்த திருத்திய பதிப்புகளில் 'காட்' (God) என்று அவர் எழுதிய இடத்தில் 'அல்லாஹ்' வந்தது, குறிப்புகளில் சில வெட்டப்பட்டன, சில மாற்றப்பட்டன. நல்லதா கெட்டதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய விஷயம், நான் தலையிடவில்லை. ஆனால் அவர் இறந்து 30 வருடத்துக்குப் பிறகு யாரோ கை வைத்த வரியைப் படித்துவிட்டு "இதோ யூசுப் அலி" என்று சொன்னால், அது எவ்வளவு தூரம் யூசுப் அலி?

அவருடைய கடைசி நாட்களையும் சொல்லிவிடுகிறேன், அனுதாப ஓட்டுக்காக இல்லை. 1953 டிசம்பர், லண்டன் குளிர். ஒரு வீட்டு வாசற்படியில் நிலைகுலைந்து கிடந்த கிழவரைப் போலீஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து செல்சியில் ஒரு முதியோர் இல்லம், டிசம்பர் 10-ல் மாரடைப்பு, அன்றே மவுத். பக்கத்தில் சொந்தபந்தம் ஒருவரும் இல்லை. புரூக்வுட் கபர்ஸ்தானில் அடக்கம். போரில் எதிரெதிராக நின்ற பிக்தாலும் அங்கேதான் படுத்திருக்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணி அண்ணன் கையில் இருக்கிற பிரதியில் அந்த 1934 முன்னுரை இருக்கிறதா என்று மட்டும், நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன்னால் ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.