‘உதவி’ என்ற சொல்: வீட்டுவேலையைச் சமூகவியல் எப்படிப் பார்க்கிறது?

[காட்சி: மாலை நேரச் சமையலறை. கிரைண்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது.]

வணக்கம். நாளைக் காலையில் இட்லி வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் மாவு அரைத்தாக வேண்டும்; அதற்கு மதியமே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும். ஆட்டுக்கல் சுற்றிய கைக்குக் கிரைண்டர் ஓய்வு கொடுத்துவிட்டது. ஆனால், இருக்கிற மாவு எத்தனை நாளைக்கு வரும், இன்று ஊறப்போட வேண்டுமா என்ற நினைப்பை எந்த இயந்திரமும் வாங்கிக்கொள்ளவில்லை. பெரும்பாலான வீடுகளில் அது வீட்டுப் பெண்ணின் தலையிலேயே இருக்கிறது. இது இயல்பாக அமைந்ததா, சமூகம் அமைத்துக் கொடுத்ததா என்பதே இந்தக் காணொளியின் கேள்வி.

[காட்சி: 1950களின் அமெரிக்கப் புறநகர் வீடு.]

1955-இல் டால்கட் பார்சன்ஸ், ராபர்ட் பேல்ஸ் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், குடும்பம் நிலைத்து நிற்க இரண்டு பாத்திரங்கள் வேண்டும் என்று எழுதினார்கள். வெளியுலகோடு உறவாடிப் பொருள் ஈட்டுவது கணவனுடைய பாத்திரம்; வீட்டுக்குள் அன்பையும் மன அமைதியையும் காப்பது மனைவியுடைய பாத்திரம். சிறு குழுக்களைக் கூட்டி விவாதிக்கச் செய்து பேல்ஸ் நடத்திய சோதனைகளில், ஒருவர் வேலையை முன்னெடுப்பதும் மற்றொருவர் குழுவின் மனநிலையைப் பார்த்துக்கொள்வதும் தெரியவந்தன. அந்தப் பகுப்பையே இருவரும் குடும்பத்துக்கும் பொருத்தினார்கள். அந்தக் குழுக்களில் இருந்தவர்களுக்குத் துவைக்கத் துணியும் இல்லை, துலக்கப் பாத்திரமும் இல்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மனைவியின் பங்கை உணர்வு சார்ந்ததாகவே வரையறுத்த இந்தப் பார்வையில், அவள் உடலால் உழைக்கும் நேரம் உழைப்பாகவே தெரியவில்லை.

அதை உழைப்பாகப் பார்த்தவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி. 1974-இல் வெளியான அவருடைய ஆய்வு, லண்டனில் சிறு குழந்தைகளோடு இருந்த 40 இல்லத்தரசிகளை நேரில் கண்டு பேசி எழுதப்பட்டது. ஒரு தொழிற்சாலையில் தொழிலாளியிடம் என்னென்ன கேட்பார்களோ, அவற்றையே ஓக்லி அவர்களிடம் கேட்டார்: எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்? சலிப்பாக இருக்கிறதா? மனநிறைவு உண்டா?

[திரையில்: வாரத்துக்கு 77 மணி நேரம்.]

அவர்களுடைய வேலை நேரம் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் என்று தெரிந்தது. மிகக் குறைவாக 48 மணி நேரம் செய்தவர், வெளியே முழுநேர வேலைக்கும் போய்வந்தவர். மிக அதிகமாகச் செய்தவருக்கு 105 மணி நேரம் ஆயிற்று. வேலை சலிப்பூட்டுகிறது என்றவர்கள் 75 விழுக்காடு. அதற்கு முன் வேறு ஆய்வில் பதிவான அசெம்பிளி லைன் தொழிலாளர்களிடையே இது 67 விழுக்காடு. வேலையின் வேகம் தாங்க முடியவில்லை என்பதிலும் இல்லத்தரசிகளே முந்தினார்கள்: 50 விழுக்காட்டுக்கு எதிரே 36. வீட்டில் இருப்பவளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முன்னால் வைக்க இந்த எண்கள் போதும்.

இதற்கு ஓராண்டு முன்னால்தான், கணவன் மனைவி இருவரும் சமமாக நடக்கும் குடும்பம் பிரிட்டனில் உருவாகிவிட்டது என்று மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர்கள் அறிவித்திருந்தார்கள். 72 விழுக்காடு கணவர்கள் வாரம் ஒருமுறையாவது வீட்டுவேலையில் உதவுகிறார்கள் என்பது அவர்கள் காட்டிய சான்று. வாரத்தில் ஒருநாள் தன் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொள்பவரும் இந்தக் கணக்கில் வந்துவிடுவாரே என்று ஓக்லி சுட்டிக்காட்டினார். ‘உதவுகிறார்’ என்ற சொல்லே வேலை யாருடையது என்பதை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. நம் வீடுகளிலும் “அவர் எனக்கு ரொம்ப ஒத்தாசை” என்று பெண்களே பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். தான் உண்ட தட்டைத் தானே கழுவுவது யாருக்குச் செய்யும் ஒத்தாசை?

[திரையில்: 2019 – 299, 97. 2024 – 289, 88.]

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வுகளைப் பார்ப்போம். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019-இல் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024-இல் அது 289, 88 என்று ஆயிற்று. இடைவெளி 202 நிமிடங்களிலிருந்து 201 ஆகியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு நிமிடம். அதோடு, ஆண்களுக்கான இந்த நிமிடக் கணக்கு வீட்டுவேலை செய்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. 2019-இல் நூற்றுக்கு 26 ஆண்களே அப்படிச் செய்தார்கள்.

சட்டம் இதைக் காணத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகள் சிலவற்றில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயரிடாமல் ‘உரிமைத்தொகை’ என்று பெயரிட்டது. இந்தச் சொல் தேர்வை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் பணம் கைக்கு வந்தபின்னும் மாவு அரைப்பவர் மாறிவிடவில்லை. இல்லத்தரசி என்ற பாத்திரமே ஒழிய வேண்டும் என்று ஓக்லி வாதிட்டதன் காரணம் இங்கே நன்றாக விளங்குகிறது.

[காட்சி: மாலை நேர நகரப் பேருந்து.]

2019-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர், இந்த உழைப்பில் கண்ணுக்குத் தெரியாத பகுதியைப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. இவற்றுள் முடிவெடுக்கும்போது கணவர்களும் கலந்துகொள்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் பின்னால் கவனிப்பதும் பெரிதும் மனைவியரிடமே தங்கிவிடுகின்றன. நம் நேரப் பயன்பாட்டு ஆய்வு, அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை ஒரு நாளை அரைமணித் துண்டுகளாக வெட்டி, அந்தந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. வேலை முடிந்து பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி, வீட்டில் உளுந்து இருக்கிறதா, இறங்கியதும் வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வரும் பெண்ணின் அந்த அரைமணி, அட்டவணையில் ‘பயணம்’ என்றே பதிவாகும்.