கவரேஜ் 90 சதவீதம், கை வைக்கலாமா?

வணக்கம், மன்னார்குடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது அறுவடை மிஷின், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தம்பி போனில் கேட்டார்: "அண்ணா, பழைய கோட், ரீஃபேக்டர் பண்ணணும். டெஸ்ட் கவரேஜ் 90 சதவீதம். போதுமா?" ரீஃபேக்டர் என்றால் விடை மாறாமல் கோடை உள்ளே ஒழுங்குபடுத்துவது. டெஸ்ட் என்றால் கோட் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சின்ன கோட்.

அந்த 90 அதைச் சொல்லாது, தம்பி. டெஸ்ட் ஓடியபோது எந்தெந்த வரி ஓடியது என்ற கணக்குதான் கவரேஜ். ஓடிய வரி தப்பான விடை தந்தால் டெஸ்ட் கத்துமா? அது வேறு கேள்வி. வரப்பு மேல் நடந்துவிட்டால் நண்டு வளை தெரியாது. தண்ணீர் கட்டிவிட்டு மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்கணும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். நெல் கொள்முதலுக்கு ஒரு சின்ன புரோகிராம். அரசு விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதம் வரை இருக்கலாம். மழை அடித்த சில வருடங்களில் அதைத் தளர்த்துவார்கள். ஆனால் கோடில் அந்த 17 நாலைந்து இடத்தில் சிதறிக் கிடந்தது. ஒரே இடத்துக்குக் கொண்டுவரும்போது "17 வரை" என்பதை "17-க்குக் கீழே" என்று எழுதிவிட்டேன். எல்லா டெஸ்ட்டும் பச்சை, அதாவது பாஸ்! டெஸ்ட்டில் இருந்தது 14-ம் 20-ம்தானே. சரியாக 17 காட்டிய நெல்லைத் தள்ளிவிட்டது. அந்த வரிக்குக் கவரேஜ் என்னவோ 100.

அதனால் இப்போதெல்லாம் ரீஃபேக்டருக்கு முன்னால் நானே கெடுத்துப் பார்ப்பேன். கூட்டலைக் கழித்தலாக்குவேன், ஒரு நிபந்தனையைத் திருப்பிப் போடுவேன், டெஸ்ட்டை ஓட்டுவேன். சிவப்பு வந்தால் சந்தோஷம். பச்சையாகவே நின்றால் அங்கே வளை இருக்கிறது. மியூட்டேஷன் டெஸ்டிங் என்பது இதுதான். டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978-லேயே எழுதிய யோசனை. இதைத் தானாகச் செய்ய ஜாவாவுக்கு பிட் (PIT), ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஸ்ட்ரைக்கர் (Stryker), பைத்தானுக்கு மியூட்மியூட் (mutmut) என்ற கருவிகள் இருக்கின்றன. மொத்தத்துக்கும் ஓட்டினால் டீ ஆறிப்போகும், கை வைக்கப்போகும் ஃபைலுக்கு மட்டும் போதும். சில மாற்றங்கள் விடையையே மாற்றாது, அதனால் பச்சையாகவே நிற்கும். அதைத் துரத்தாதீர்கள்.

அப்புறம், உள்ளே எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று பார்க்கும் டெஸ்ட்டை நம்பாதீர்கள். விடை மாறாமலேயே சிவப்பாகி பயமுறுத்தும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்கும் டெஸ்ட்தான் ரீஃபேக்டருக்கு உதவும்.

தம்பியை ஒரே ஒரு ஃபைலில் ஐந்து இடத்தில் கெடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு இடம் பச்சையாகவே நின்றதாம். இப்போது உட்கார்ந்து டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்.