பாரிஸில் மோதியது பழிவெறி அல்ல, தேசக் கணக்குகள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

முதல் உலகப் போர் முடிந்ததும் நடந்த 1919 பாரிஸ் அமைதி மாநாடு நிலையான அமைதியைத் தராமல் போனதற்கு வென்றவர்களின் பழிவெறியே காரணம் என்றார் எதிரணித் தோழர். 1871-இல் பிரான்ஸைத் தோற்கடித்து ஜெர்மன் பேரரசை அறிவித்த அதே வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மனியைக் கையெழுத்துப் போட வைத்தார்களே, அது பழி இல்லையா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சரி, அது பழிதான். ஆனால் மண்டபமா எல்லைகளை வரைந்தது? அவற்றை வரைந்தது அதற்கு முன் ஐந்து மாதத்துக்கு மேல் நடந்த பேரம். அதில் முட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் வென்றவர்கள். ஜெர்மனியைத்தான் பேச்சுக்கே சேர்க்கவில்லையே!

பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 14 லட்சம் வீரர்களை இழந்த நாடு. அதன் வடபகுதி நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீரை விட்டு மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது ஜெர்மன் படை. 1870-இல் ஒரு படையெடுப்பு, 1914-இல் இன்னொன்று. தன் எல்லையை ஒட்டிய ரைன்லாந்துப் பகுதியை ஜெர்மனியிடமிருந்து பிரித்துவிடுங்கள் என்று பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ கேட்டது வெறியா, பயமா?

பிரிட்டிஷ் பிரதமர் லாய்டு ஜார்ஜுக்கு அந்தப் பயம் இல்லை. ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ் காவலில் கிடந்தன. இனி ஜெர்மனி எழுந்து நின்று சரக்கு வாங்க வேண்டும், ஐரோப்பாவில் பிரான்ஸின் கை ஓங்கிவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. அதே பிரிட்டன்தான் படைவீரர் ஓய்வூதியத்தையும் இழப்பீட்டில் சேர்க்கச் சொன்னது. வாடிக்கையாளனும் வேண்டும், அவன் பணப்பையும் வேண்டும்!

கடைசியில் ரைன்லாந்து பிரிக்கப்படவில்லை. அதற்கு ஈடாக, ஜெர்மனி தாக்கினால் உதவிக்கு வருவோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் உறுதி கொடுத்தன. அமெரிக்க செனட் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவின் உறுதியோடு கட்டப்பட்டிருந்த பிரிட்டனின் உறுதியும் கூடவே போயிற்று. கேட்ட எல்லையும் கிடைக்கவில்லை, கொடுத்த வாக்கும் நிற்கவில்லை. அப்புறம் 1923-இல் இழப்பீடு ஒழுங்காக வரவில்லை என்று பிரான்ஸ் ஜெர்மனியின் ரூர் தொழில் பகுதிக்குள் படையை அனுப்பினால், பழி என்று சொல்லிவிடுகிறோம்.

போரில் சேர்வதற்காக இத்தாலிக்கு 1915 ரகசிய ஒப்பந்தம் கொடுத்த நில வாக்கு போதவில்லை. அதில் இல்லாத ஃபியூமே துறைமுகத்தையும் கேட்டது. அமெரிக்க அதிபர் வில்சன் மறுத்தார். இத்தாலியப் பிரதமர் ஒர்லாண்டோ கூட்டத்திலேயே அழுதார், பிறகு ரோமுக்குப் புறப்பட்டுவிட்டார்.

இங்கேதான் நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும். சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஜெர்மனி வசமிருந்த உரிமைகளை 1914-இல் ஜப்பான் பிடித்திருந்தது. மண் சீனாவுடையது. சீனாவும் நேச அணிதான், பெருந்திரளான தொழிலாளர்களை ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்பிய நாடு. ஆனால் பிரிட்டனும் பிரான்ஸும் 1917-லேயே ஜப்பானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டன. தான் கொண்டுவந்த இன சமத்துவத் தீர்மானம் ஏப்ரலில் தோற்றதில் ஜப்பான் ஏற்கெனவே கசந்திருந்தது. இத்தாலி போன நேரத்தில் அதுவும் எழுந்து போனால் தான் அமைக்க விரும்பிய நாடுகளின் கூட்டமைப்பான சர்வதேசச் சங்கம் என்னாவது என்று வில்சன் பயந்தார். ஏப்ரல் 30 அன்று ஷாண்டோங் ஜப்பானுக்குப் போனது. மே 4 அன்று பெய்ஜிங் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 28 அன்று சீனா கையெழுத்துப் போடவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் ஒன்றே ஒன்று சொல்லட்டும்: சீனாவின் மீது அந்த மேசையில் யாருக்கு என்ன பழி இருந்தது?