எர்பி என்றால் எர்பிதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சி மொழி நிரலில் ஃபங்ஷன் என்னும் நிரல்துண்டு வாங்கிக்கொள்ளும் மாறிதான் பாராமீட்டர்; அவற்றில் பிழையைச் சொல்லும் பாராமீட்டருக்கு ஒரே பெயர் வேண்டுமா, எழுதுபவர் விருப்பத்துக்கு விடலாமா என்பது கேள்வி. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் பார்ப்பது வரிசையையும் வகையையும்தான், பெயரை அல்ல என்று சொல்லி அமர்ந்தார் எதிரணி நண்பர். உண்மைதான். ஃபங்ஷன் அறிவிப்பில் பெயரே எழுதாமல் விட்டாலும் சி ஏற்றுக்கொள்ளும். ஆனால் கம்பைலருக்கு முன்னால், சுருக்கங்களை விரித்து எழுதித் தரும் பிரீபிராசஸர் என்று ஒருவர் நிற்கிறாரே, அவரை மறந்துவிட்டீர்களே ஐயா!

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் க்யூஇஎம்யூ மென்பொருளில் அந்தப் பாராமீட்டரின் பெயர் 'எர்பி'. இரண்டு நட்சத்திரம் போட்ட பாயிண்டர், அதாவது இன்னொரு முகவரி இருக்கும் இடத்தின் முகவரி. பிழை விவரம் வேண்டாதவர் அந்த இடத்தில் நல், அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரி, அனுப்பலாம். அதை மறந்து, ஃபங்ஷனுக்குள் ஒரு நட்சத்திரம் போட்டு எட்டிப் பார்த்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். இதற்குக் காவலாக 2020-இல் 'எர்பி கார்ட்' என்ற மேக்ரோ, அதாவது பிரீபிராசஸர் விரித்து எழுதும் சுருக்கம், வந்தது. நல் வந்தால் அது எர்பியை உள்ளூர் மாறி ஒன்றின் பக்கம் திருப்பிவிடும். அதன் அடைப்புக்குறிக்குள் நாம் எதையும் எழுதுவதில்லை. 'எர்பி' என்ற பெயரை அதுவே எடுத்துக்கொள்கிறது. நண்பர் ஆசையாக 'என்பிழை' என்று பெயர் வைத்திருந்தால்? எர்பி அறிவிக்கப்படவில்லை என்று கத்தப்போவது, பெயரைப் பார்க்காத அதே கம்பைலர்தான்!

ஒற்றைக் கொம்பு போட்டால் கெடு, இரட்டைக் கொம்பு போட்டால் கேடு. 'எர்', 'எர்பி' வேறுபாடும் அப்படித்தான். ஒற்றை நட்சத்திர 'எர்', என் கையில் உள்ள பிழை. இரட்டை நட்சத்திர 'எர்பி', ஃபங்ஷனை அழைத்தவரிடம் சேர்க்க வேண்டிய பிழை. இரண்டுக்கும் 'எர்' என்றே பெயர் வைத்த ஒரு நிரலோடு நான் ஓர் இரவு மல்லுக்கட்டினேன். உள்பிளாக்கில் மறுபடியும் ஓர் 'எர்' அறிவித்து, பிழையை அதில் போட்டு, அங்கேயே விட்டிருந்தார்கள். அழைத்தவருக்குச் சேதியே போகவில்லை. கம்பைலர் முனகக்கூட இல்லை. ஒரு பெயர் இன்னொன்றை மறைப்பதை எச்சரிக்கும் வசதியை நாமே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜிலிப் நிரல்நூலகத்தில் 'எரர்', எஸ்க்யூலைட் தரவுத்தள மென்பொருளில் 'பிஇசட்எர்மெசேஜ்', இதில் எது சரி என்று அடுத்தவர் கேட்பார். அந்தந்த நிரல்தொகுப்புக்குள் ஒன்றே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் வாதம். உலகத்துக்கே ஒன்று கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன், நடுவர் அவர்களே. ஏற்கெனவே நடந்த பிழையைப் படிப்பதற்காக மட்டும் வாங்கும் ஃபங்ஷனில் அந்தப் பாராமீட்டருக்கு 'எர்பி' என்று பெயர் வைக்கவே கூடாது. அங்கே நண்பர் 'என்பிழை' என்றே வைத்துக்கொள்ளட்டும்.