கழுத்தை நெட்டி எடுக்கப் போனேன், தொடவே மாட்டேன் என்றார்

வணக்கம். கேமரா சாய்ந்திருக்கிறதா? ஒரு நிமிஷம். சரி, இப்போது நேராகிவிட்டது. இன்றைக்கு எடிட்டிங் எதுவும் கிடையாது, ஒரே மூச்சில் பேசப் போகிறேன். நடுவில் தண்ணீர் குடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோல்கீப்பர் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். வார இறுதி ஆட்டக்காரன்தான், பெரிய ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்னர் கிக். பந்தைக் குத்தி வெளியே தள்ள எம்பினேன். எங்கள் டிஃபெண்டரும் எம்பினான். அவனுடைய முழங்கை என் காதுக்கு மேலே இடித்தது. மயக்கம் வரவில்லை, ரத்தம் வரவில்லை. தலையை ஒரு உதறு உதறிவிட்டு மிச்சமிருந்த இருபது நிமிடமும் ஆடினேன். அன்று ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசியது. மறுநாள் காலையில் கழுத்து கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. சரி, சுளுக்கு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இடுப்பு வலிக்காக நான் ஏற்கெனவே ஒரு கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை செய்பவரிடம், போய்வந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவரிடம் போனேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த 'படக்' சத்தம்தான். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, ஒரு சத்தம், கிளம்பிவிடலாம் என்ற கணக்கு.

"கழுத்து பிடித்துக்கொண்டது" என்றேன். "எப்போதிலிருந்து?" என்றார். "திங்கட்கிழமையிலிருந்து." "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?" "மேட்ச் இருந்தது." "மேட்சில் என்ன நடந்தது?" அப்போதுதான் முழங்கைக் கதையைப் போகிற போக்கில் சொன்னேன். என் தோள்மேல் இருந்த கையை உடனே எடுத்துவிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். "டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஆகஸ்ட், ஜூலை" என்று கடகடவென்று ஓட்டினேன். செப்டம்பரை விட்டுவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு பேனாவை என் மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தார். முனை இரண்டாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். பேனா இன்னும் ஒரு முழம் தள்ளி இருக்கும்போதே எனக்கு இரண்டாகிவிட்டது. பிறகு ஒரு குதிகாலை இன்னொரு காலின் விரல்களுக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன் என்று சொல்ல மாட்டேன்.

"இன்றைக்கு உங்கள் கழுத்தைத் தொட மாட்டேன். முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்றார். கட்டணமும் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

எனக்கு வந்திருந்தது கன்கஷன். மூளை அதிர்ச்சி என்றும் சொல்கிறார்கள். அடிபட்டால் மூளை வீங்கும், ரத்தம் கட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. தலை சட்டென்று நின்றுவிடுகிறது, அல்லது சுழல்கிறது. உள்ளே மூளை ஒரு கணம் பின்தங்கி அசைகிறது. அந்த இழுப்பில் நரம்பு இழைகள் நீள்கின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சரிசெய்ய மூளை சர்க்கரையை வாரி எரிக்கிறது. ஆனால் அதே சமயத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. அதாவது செலவு ஏறுகிறது, வரவு குறைகிறது. இது எதுவும் வழக்கமான ஸ்கேனில் தெரியாது. சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்று உறுதிசெய்யத்தான். எனக்கும் ஸ்கேன் நார்மல். "நார்மல்" என்ற சொல்லைக் கேட்டதும் அடுத்த ஞாயிறு ஆடலாமா என்று கேட்டேன் பாருங்கள், அதுவே ஒரு அறிகுறியாக இருந்திருக்கலாம்.

மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பதும் தப்பு. பத்தில் ஒன்பது கன்கஷனில் நினைவு தப்புவதே இல்லை. அறிகுறி உடனே தெரிய வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டதே, ஞாபகம் இருக்கிறதா? விழுந்தார், வெளியே போனார், சோதித்தார்கள், தேறினார், திரும்ப வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தெரிந்து ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று ஆட்டக்காரர் அவர்தான். ஐ.சி.சி. அந்த விதியைக் கொண்டுவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவ்வளவு டாக்டர்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு ராத்திரி தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது கழுத்துக்கு வருகிறேன். தலையை உலுக்கும் அடி கழுத்தை மட்டும் விட்டுவைக்குமா? அதே நொடியில் கழுத்தும் சொடுக்கி இழுபடுகிறது. கழுத்தின் மேல் மூன்று எலும்புகளை ஒட்டிய நரம்புகளும் முகத்தின் வலியை எடுத்துச்செல்லும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அதனால் கழுத்தில் இருக்கும் வலி நெற்றியில் தலைவலியாகத் தெரியலாம். தலைசுற்றலும் அப்படித்தான். தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவர்கள் மூன்று பேர்: கண், உள்காது, கழுத்துத் தசை. மூவரும் ஒரே கதையைச் சொன்னால் நீங்கள் நேராக நிற்பீர்கள். ஒருவர் மாற்றிச் சொன்னால் உலகம் ஆடும். ஆக, அடிபட்டு மூன்று வாரம் கழித்தும் தலைவலியும் கிறுகிறுப்பும் இருந்தால் அது மூளையா கழுத்தா என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தில்தான் கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது. 2014இல் ஒரு ஆய்வு வந்தது. அறிகுறிகள் தீராமல் இழுத்துக்கொண்டிருந்த 31 பேர், 12 முதல் 30 வயதுக்காரர்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஓய்வும் பயிற்சியும். இன்னொரு குழுவுக்கு அதோடு கழுத்துக்கான சிகிச்சையும் சமநிலைப் பயிற்சியும். எட்டு வாரத்துக்குள் விளையாடலாம் என்று டாக்டர் அனுமதித்தது இரண்டாவது குழுவில் 73 சதவீதம், முதல் குழுவில் 7 சதவீதம். துள்ளிக் குதிக்காதீர்கள், சின்ன ஆய்வு. செய்தவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். கழுத்தை நெட்டி எடுப்பது மட்டும் அல்ல அந்தச் சிகிச்சை. ஆனாலும் கழுத்தைக் கவனித்தால் பலன் உண்டு என்பது அதில் தெரிகிறது.

சரி, கொஞ்சம் கசப்பான பகுதி. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் ஆரம்பித்தது. காது கேளாத ஒருவருடைய முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததில் அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் சொன்ன கதையிலிருந்து பிறந்த தொழில். அந்தப் பழைய வாசனை இன்றும் சிலரிடம் இருக்கிறது. "உன் முதல் கழுத்தெலும்பு நகர்ந்துவிட்டது, அதைத் தள்ளினால் கன்கஷன் போய்விடும்" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். நெட்டி எடுப்பது மூளைக்குள் நடக்கும் அந்த வரவு செலவுக் கணக்கைச் சரிசெய்யும் என்பதற்குச் சான்று கிடையாது. அந்த 'படக்' சத்தமும் எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை, மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு பிரியும் சத்தம். 2015இல் விரல் நெட்டி முறிப்பதை எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள்.

ஆபத்து என்ன என்றால், கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. அவற்றின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸ் இறந்ததை மறக்க முடியாது. பவுன்சர் பட்டது கழுத்தில், கிழிந்தது இந்தத் தமனிதான். கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு உண்டா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நடப்பது அரிது. தமனி ஏற்கெனவே கிழிந்தவர்களே கழுத்து வலி என்று சிகிச்சைக்கு வருகிறார்கள் என்பது ஒரு தரப்பு வாதம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வாதம் சரி என்றாலும் முடிவு ஒன்றுதான்: புதிதாக அடிபட்டு வந்த கழுத்தைத் திருப்பக் கூடாது. என் ஆள் கையை எடுத்ததன் காரணம் அதுதான்.

அவருடைய பெரிய திறமை கேள்வி கேட்டது என்றுதான் நான் சொல்வேன். ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரிடம் பொய் சொல்வோம், டாக்டரிடம் பாதி சொல்வோம். மசாஜ் மேசையில் இருக்கும் ஓட்டையில் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்திருக்கும்போது எல்லாவற்றையும் உளறிவிடுவோம். எதிரில் முகம் இல்லாததாலோ என்னவோ. அமெரிக்காவில் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகளுக்கு கைரோபிராக்டர்கள் இருக்கிறார்கள். வாராவாரம் ஆட்டக்காரரைத் தொடுகிற ஆளுக்கு இவன் இன்றைக்கு வேறு மாதிரி இருக்கிறான் என்று பிடிபடும். அந்த இடத்தில் இருப்பவருக்கு கன்கஷன் தெரிந்திருந்தால் ஒரு தலை பிழைக்கும்.

எந்த அறிகுறி இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். கழுத்தை அழுத்தினால் வலி, பார்வை இரண்டாகத் தெரிவது, கை காலில் பலவீனம் அல்லது மதமதப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, வலிப்பு, நினைவு தப்புவது அல்லது மங்கிக்கொண்டே போவது, திடீரென்று எரிந்து விழுந்து முரண்டு பிடிப்பது. இதில் ஒன்று இருந்தால் போதும். நான் மூன்று நாள் கழித்துத்தான் போனேன், பேனா வேறு இரண்டாகத் தெரிந்தது. என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

தேறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது பழைய வைத்தியம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் நிபுணர்கள் கூடி எழுதிய பரிந்துரைப்படி, ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு, அப்புறம் மெதுவான நடை. பயிற்சியின்போது அறிகுறி பத்துக்கு இரண்டு புள்ளிக்குமேல் ஏறக் கூடாது, அந்தக் கொஞ்ச ஏற்றமும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். களத்துக்குத் திரும்ப ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். நாலாவது படியில் கால் வைக்க வேண்டும் என்றால் அறிகுறி எதுவுமே இருக்கக் கூடாது. நான் உடற்பயிற்சி சைக்கிளில் இரண்டாம் படியிலேயே எட்டு நாள் மாட்டிக்கொண்டேன்.

டாக்டர் சரி என்ற பிறகு அதே கைரோபிராக்டரிடம் திரும்பப் போனேன். நெற்றியில் ஒரு பட்டை, அதில் ஒரு லேசர் விளக்கு. சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்கார்ந்து, சிவப்புப் புள்ளியை வட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். பிறகு கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். கழுத்து ஒழுங்காகச் சேதி சொன்னால் புள்ளி நடுவுக்குப் பக்கத்திலேயே வரும். ஏழு செ.மீ.க்கு மேல் விலகினால் கோளாறு. துல்லியமாக வந்துவிட்டேன் என்ற தெம்பில் கண்ணைத் திறந்தேன். என் புள்ளி வட்டத்தையே விட்டு வெளியேறி சுவிட்சு போர்டில் இருந்தது. தினம் பத்து நிமிடம், நாலு வாரம். கழுத்தை நெட்டி எடுக்கவே இல்லை. கடைசி நாள் நானே கேட்டேன், "இப்பவாவது?" என்று. சிரித்துவிட்டு இடுப்பை மட்டும் பார்த்து அனுப்பினார்.

போன மாதம் எங்கள் ஸ்ட்ரைக்கர் ஹெட்டர் போடப் போய் இன்னொருவன் மண்டையில் மோதினான். ஓடிப் போய், எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்விகளைக் கேட்டேன். எந்த மைதானம்? முதல் பாதியா இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் போட்டது? போன ஆட்டத்தில் யாரோடு ஆடினோம்? ஜெயித்தோமா? ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னான். எழுந்து நின்று ஷார்ட்ஸைத் தட்டிக்கொண்டு, "கார்னர் நமக்குத்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நான்கு அடி நடந்தான். திரும்பிப் பார்த்து, "கார்னர் நமக்குத்தானே?" என்றான்.

வெளியே அனுப்பினோம். ஒன்றுக்கு பூஜ்யம் என்று தோற்றோம். இன்னும் அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.